கீபோர்டுக்காக அறுத்த குழல்கள்

மூங்கில் பார்த்து வாங்குவதும் துளை போடுவதும் உங்களுக்குப் பயிற்சியிலேயே வந்துவிடும். விரல் பழகப் பழக வரும். அதையெல்லாம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். ஊர் ஊராகப் போய்க் குழல் சொல்லிக்கொடுக்கிற இந்த வேலையில் யார்மேல் கோபப்படலாம், எவ்வளவு கோபப்படலாம், அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. வேலையில் இருந்தவரை எனக்குக் கோபக்காரி என்றுதான் பெயர். "அந்த டீச்சரா, ஆத்தாடி!" என்பார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். ஓய்வு பெற்றுப் பெரியகுளத்தில் வீட்டோடு இருக்கிறேன், இன்னும் அந்தக் கோபம் ஓய்வு பெறவில்லை. இப்போது சொல்லப்போகிற விஷயத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுருளிப்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்னச் சபை. நான் மார்க்கையன்கோட்டையில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். சபை வழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. வாரம் முழுக்கச் சபையைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார், பல ஊர்களுக்குப் பொறுப்பாக இருந்துகொண்டு எப்போதாவது வருபவர் ஐயர் என்பதே அங்கே போய்த் தெரிந்துகொண்டதுதான். விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு ஐயர் வருகிறார், சபைப் பெண்கள் தாங்களே குழல் செய்து தாங்களே வாசிக்க வேண்டும் என்று உபதேசியார் நம் மையத்துக்கு வந்து கேட்டார். என்னை அனுப்பினார்கள்.

பதினொரு பெண்கள். பாதிப் பேர் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் திராட்சைக்குக் கவாத்து வெட்டவும் குலை அறுக்கவும் போகிறவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, கோயில் தரையிலேயே உட்காருவார்கள்.

என் வழக்கம் ஒன்று உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் மூங்கிலைத் தொட விடமாட்டேன். பாடச் சொல்வேன். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுங்கள் என்பேன். அவர்கள் தொண்டை தானாக எந்தச் சுருதியில் நிற்கிறதோ அந்தச் சுருதிக்குத்தான் குழல் செய்ய வைப்பேன். ஊரான் சுருதிக்கு ஒரு குழலைச் செய்து கையில் கொடுத்தால் அது ஆணியில் தொங்குமே தவிர வாய்க்கு வராது. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண்களையும் பாடச் சொன்னேன். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் திரும்பிக் கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார்கள்.

"என்ன, ஏன் அங்கன பாக்குறீக?" என்றேன்.

"சாராக்காதான் டீச்சர் எப்பவும் பாட்டு எடுப்பாக. கழுத்துல ஆபரேசன் பண்ணதுல இருந்து அவுகளுக்குத் தொண்ட போயிருச்சு. அதான், யாரு எடுக்கிறதுன்னு தெரியல."

சாராள் நாற்பதைத் தாண்டியவர். ஏலத்தோட்டத்து வேலை. கழுத்தில் பாசிமணிக்குக் கீழே தையல் தழும்பு தெரிந்தது. அந்தச் சபையில் யாரும் பாட்டை உடனே தொடங்கிவிட மாட்டார்கள். ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும், பிறகுதான் சபை சேரும். வருஷக் கணக்காக எடுத்துக் கொடுத்தவர் இவர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேச்சே காற்றாகத்தான் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்று இருந்தவரை, பாடகர் வரிசையிலிருந்து பின்னால் போய் உட்காரச் சொல்லியிருந்தார் சபைச் செயலர். தொண்டை இல்லாதவர் முன்னால் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றாராம்.

சாராள் தொடையில் தாளம் தட்டினார். அதைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி ஆரம்பித்த பெண்கள், இரண்டாவது வரியில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். சாராள் எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய அதே சுருதி. அவர் குரல் போய்விட்டது, அந்தச் சுருதி இவர்களிடம் இருந்தது. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

கலைந்து போகும்போது சாராள் என் பக்கத்தில் வந்து நின்றார். காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

"டீச்சர், இத ஊத தொண்ட வேணுமா?"

"வேண்டாம். மூச்சு இருந்தா போதும்."

"மூச்சு இருக்கு" என்றார். பிறகு, "அப்ப நான் இதுல பாட்டு எடுக்கலாமா?"

"எடுக்கலாம். பண்டிகைக்கு நீங்கதான் எடுக்குறீக" என்றேன்.

சொன்ன சொல் சொன்னதுதான். அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் வேறு வேலையில்லை. சாராள் மறுபடி பாட்டு எடுக்க வேண்டும்.

எல்லோரையும்விட அவருக்குத்தான் சீக்கிரம் வந்தது. மற்றவர்கள் பிள்ளைகள் எடுத்து உடைத்துவிடும் என்று குழலைக் கோயில் பீரோவில் வைத்துவிட்டுப் போவார்கள். சாராள் மட்டும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுவார். மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஏலச்செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊதுவாராம். "சேச்சி, ஒண்ணு கூடி" என்று, இன்னொரு தடவை ஊதச் சொல்லி, மலையாளத்து சூப்பர்வைசரே கேட்பாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி செயலருக்கு வருகிறேன். பெயர் தனராஜ். கம்பத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கோயில் கூரை ஒழுகினால் கைக்காசு போட்டுத் தகரம் அடிப்பார். ஆனால் எதைப் பார்த்தாலும் அளந்து, அறுத்து, ஒட்டவைத்துவிடலாம் என்ற எண்ணம். அவருடைய மருமகன் ஜெபராஜ் சபையில் கீபோர்டு வாசிப்பவன். சாராள் பின்னால் போனதும் சபையின் பாட்டெல்லாம் கீபோர்டு வைத்த சுருதிக்குப் போய்விட்டது. அது இந்தப் பெண்களின் சுருதியைவிட அரைக் கட்டை கூடுதல்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஒத்திகைக்குப் போனேன். ஜீப் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. உபதேசியாரும் தனராஜும் ஜெபராஜும் கோயிலில் இருந்தார்கள். தனராஜ் முகம் முழுக்கச் சிரிப்பு.

"டீச்சர், ஒரு சின்ன வேல கெடந்துச்சு. நானே முடிச்சுட்டேன்."

பீரோவைத் திறந்து காட்டினார். பத்துக் குழலும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் அடியில் அறுபட்டிருந்தது. துளைகள் எல்லாம் கருகிப் பெரிதாகிக் கிடந்தன.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?" என்றேன்.

"கீபோர்டுக்கு அரைக் கட்ட கம்மியா இருக்குன்னு ஜெபா சொன்னான். குட்டக் குழல்னா சத்தம் ஏத்தமா வரும்னு நீங்கதான் அன்னைக்குச் சொன்னீக. அதான் அடியில ஒரு வெரக்கட அறுத்து, ஓட்டையக் கம்பியக் காய வச்சுப் பெருசாக்கிட்டேன். பூராம் ஒரே அளவு டீச்சர். பட்டறையில வச்சு அளந்து செஞ்சது."

ஒரே அளவாம்! ஒரு மூங்கிலின் உள்வாய் மாதிரி இன்னொன்றின் உள்வாய் இருக்காது. ஒவ்வொரு துளையையும் அந்தப் பெண்கள் ஊதிப் பார்த்து, தேய்த்து, மறுபடி ஊதிப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றை எடுத்து ஊதினேன். சுரங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. இன்னொன்றை எடுத்தேன். அது வேறு விதமாகக் கெட்டிருந்தது. பெரிதான துளைக்கு மெழுகு வைத்துச் சமாளிக்கலாம். அறுத்துப் போட்ட அடியை எதை வைத்து ஒட்டுவது? புதிதாகச் செய்யலாம் என்றால் காய்ந்த மூங்கில் ஒரு துண்டு இல்லை.

நேராகக் கீபோர்டிடம் போனேன்.

"ஏப்பா, இதுல சுருதிய இறக்குற பட்டன் இருக்கா இல்லையா?"

"இருக்கு டீச்சர்" என்றான் ஜெபராஜ்.

"அத அமுக்குறதுக்கு என்ன?"

"மாத்துனா செட்டிங் கலைஞ்சிரும் டீச்சர். மதுரையில மாஸ்டர் போட்டுக் குடுத்தது. கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

நான் அமுக்கினேன். அரைக் கட்டை இறங்கியது. மறுபடி அமுக்கினேன். ஏறியது. எந்தச் செட்டிங்கும் கலையவில்லை, எந்த மாஸ்டரும் மதுரையிலிருந்து ஓடி வரவில்லை.

தனராஜ் அப்போதும் விடவில்லை. "இருந்தாலும் கீபோர்டு வெல கூடுன சாமான் டீச்சர். அது மூங்கிதான, இன்னொண்ணு வெட்டிக்கிடலாம்."

அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"யோவ், என்னய்யா நெனச்சுக்கிட்டு இருக்க? மூங்கியாம்ல மூங்கி! அந்தப் பொம்பளைக நாளெல்லாம் தோட்டத்துல முதுகு ஒடிஞ்சிட்டு வந்து, இந்தத் தரையில உக்காந்து தேச்ச குழல்யா இது. ஒம் பட்டறையில கெடக்குற பைப்புன்னு நெனச்சியா? ஒரு பட்டன அமுக்கக் கை கூசுது, பத்துக் குழல அறுக்கக் கை கூசலையா ஒனக்கு?"

"கோயிலுக்குள்ள சத்தம் போடாதீக டீச்சர்" என்றார் தனராஜ். அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. "ஐயர் வாராக. வீடியோவுக்கு ஆள் சொல்லியாச்சு. இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? கீபோர்டுல ஃப்ளூட் சத்தம் இருக்கு. ஜெபா வாசிப்பான். பொம்பளைக ஒரே கலர் சேலையில வரிசையா நின்னு வாயில வச்சுக்கிட்டாப் போதும். யாருக்குத் தெரியப் போகுது?"

உபதேசியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் தரையைப் பார்க்கிற நேரத்தில் எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் அதிகம் வரும்.

ஜீப் வந்தது. பெண்கள் உள்ளே வந்து பீரோவிலிருந்து அவரவர் குழலை எடுத்துப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் அறுபட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாராள் சாப்பாட்டுப் பைக்குள் கை விட்டுத் தன் குழலை வெளியே எடுத்தார். முழுசாக இருந்தது.

தனராஜ் கையை நீட்டினார். "ஏக்கா, அதையும் குடுங்க. அஞ்சு நிமிசத்துல அதையும் சரி பண்ணிருவோம்."

சாராள் குழலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். "ஞாயித்துக்கெழம ஒருத்தியும் கோயிலுக்கு வராதீக. ஐயர் வந்து கேக்கட்டும். இவரு பதில் சொல்லட்டும்" என்றேன்.

அவர்களில் வயதில் மூத்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் டீச்சர், அவரு வீட்டுக் கல்யாணமா இது, கோவிச்சுக்கிட்டு வராம இருக்க? இது எங்க சபை. எங்க பண்டிகை. நாங்க ஏன் வராம இருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது நியாயம். நாம் கத்திவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறி வந்துவிடுவோம். அவர்கள் அங்கேயே, அந்த மனிதரோடு, அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் இருக்க வேண்டும். நம் கோபத்துக்கு அவர்கள் பண்டிகையை விலையாகக் கேட்க நாம் யார்? ஐயருக்குப் போன் போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். போட்டால் விசாரணை, கமிட்டிக் கூட்டம், சமாதான ஜெபம் என்று போய், குழல் வாசிப்பையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். சாராள் பின்வரிசையிலேயே இருந்துவிடுவார். போன் போடவில்லை.

"சரி, போங்க. சேலை கட்டி வரிசையா நில்லுங்க" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. ஊதுற மாதிரி நடிக்க மட்டும் செய்யாதீக. சாரா ஊதட்டும். அவுக குழல் நல்லா இருக்குல்ல?"

சாராள் தலையை ஆட்டினார், இல்லை என்று. "இவுக எல்லாம் வெட்டுப்பட்டதப் பிடிச்சுக்கிட்டு நிக்க, நான் மட்டும் ஊதுறதா? எனக்கு வேணாம் டீச்சர்."

அந்த மூத்த பெண்தான் பதில் சொன்னாள். "அடி ஆத்தி, நீ ஊதாட்டி நாங்க எதப் பிடிச்சுப் பாடுறது? குழல்தான அறுத்தாரு, எங்க தொண்டையையுமா அறுத்தாரு? நீ எடு. நாங்க பாடுறோம்."

சாராள் குழலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஊதுவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாமலேதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து கிடந்தது. முன்னால் வாழைத்தாரும் திராட்சைக் குலையும் நெல் மூட்டையும் ஏலக்காய்ப் பொட்டலங்களும் குவிந்திருந்தன. நான் வாசலோரம் நின்றேன். தனராஜ் மைக்கைப் பிடித்து, "நமது சபைப் பெண்கள் தங்கள் கைகளாலேயே செய்த குழல்களை இப்பொழுது வாசித்து ஆண்டவரை மகிமைப்படுத்துவார்கள்" என்று அறிவித்தார். வாய் கூசாமல் சொன்னார்.

பெண்கள் பச்சைச் சேலையில் வரிசையாக வந்து நின்றார்கள். ஜெபராஜ் ஆரம்பித்தான். ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் சத்தம் தேனாகக் கொட்டியது. ஒருத்தியும் குழலைத் தூக்கவில்லை. இடுப்போடு பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தனராஜ் ஓரத்திலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தூக்கு, தூக்கு என்று கையை ஆட்டினார். பதினொரு பேரும் அசையவில்லை. வீடியோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து எட்டிப் பார்த்தார். ஐயர் ஸ்பீக்கரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், பிறகு திரும்பி ஜெபராஜைப் பார்த்தார். அவன் கை தடுமாறி, வரி பாதியில் நின்றுபோனது. கோயிலுக்குள் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

சாராள் குழலைத் தூக்கினார். முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. தனராஜ் மைக்கை நோக்கி நகர்ந்தார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. சாராள் கண்ணை மூடி, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினார். வந்தது. முதல் அடியை முழுசாக எடுத்துக் கொடுத்தார். பத்துப் பெண்களும் ஒரே குரலாகச் சேர்ந்தார்கள். அடுத்த வரியில் சபை சேர்ந்தது. கிழவர்கள் பாட்டுப் புத்தகத்தைக் கூடப் புரட்டவில்லை; தொண்டை தானாகப் போய் நின்ற சுருதி அது. ஒவ்வொரு சரணத்துக்கும் சாராள் எடுத்துக் கொடுத்தார், அவர்கள் பாடினார்கள். எனக்கு அழுகை வந்தது. கோபத்திலும் எனக்கு அழுகை வரும். அன்றைக்கு இரண்டும் கலந்து வந்தது.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஐயர் தனராஜின் தோளைத் தட்டி, "நல்ல ஏற்பாடு" என்றார். தனராஜும் தலையைச் சாய்த்து அதை வாங்கிக்கொண்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் தனராஜ் சாராளிடம் வந்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. கிறிஸ்மசுக்கும் நீங்களே எடுத்துருங்க. அதுக்குள்ள டீச்சர் மத்தவுகளுக்கும் புதுசாச் செஞ்சு குடுத்துருவாக."

சாராள் ஏதோ சொன்னார். தனராஜுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அதனால் எனக்கும் கேட்டது.

"டீச்சர் எதுக்குச் செய்யணும்? அறுத்தது நீங்க. பத்தையும் நீங்கதான் செய்யணும். வார ஞாயித்துக்கெழம இங்கன தரையில வந்து உக்காருங்க. நான் சொல்லித் தாரேன்."

தனராஜ் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் தரையைப் பார்க்கவில்லை.

"செய்யுங்க தனராசு. அக்கா சொல்றது சரிதான்" என்றார்.

காய்ந்த மூங்கில் கிடைத்ததும் நானே கொண்டுபோய்ப் போட்டேன். தனராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன். அவர் முதலில் செய்த குழலில் சத்தமே வரவில்லை. இரண்டாவதில் வந்தது, ஆனால் சுருதி சேரவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்த்துக் கொட்ட நிமிர்ந்து, "இது யாருக்குக்கா?" என்று கேட்டார் தனராஜ்.

சாராள் அதை வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்தார்.

"யாருக்கும் இல்ல. அடுத்த மூங்கில எடுங்க."